நெஞ்செரிச்சல்: அமிலம் கூடியதாலா, இடம் மாறியதாலா?

மாத்திரை போட்டும் எரிச்சல் அடங்கவில்லை. சில வாரம் நன்றாக இருந்தது, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்துவிட்டது. எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள், ஆனாலும் நெஞ்சு காந்துகிறது. கடுமையான நெஞ்செரிச்சலோடு நாளை ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் மூன்று புகார்கள் இவை. மூன்றுக்கும் காரணம் சொல்ல முடியும். ஆனால் அதற்கு, இந்தத் தொல்லைக்கு நாம் வைத்திருக்கும் பெயரிலிருந்தே தொடங்க வேண்டும்.

'அசிடிட்டி' என்ற சொல் செய்யும் குழப்பம்

நெஞ்சுக்கரிப்பு, புளித்த ஏப்பம், வயிற்று உப்புசம், மேல்வயிற்று வலி என எல்லாவற்றையும் நாம் 'அசிடிட்டி' அல்லது 'கேஸ்' என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். மருத்துவர்கள் இவற்றைப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். நடுநெஞ்செலும்புக்குப் பின்னால், கீழிருந்து தொண்டையை நோக்கி ஏறும் எரிச்சல்தான் நெஞ்செரிச்சல். புளிப்பாகவோ கசப்பாகவோ வாய்வரை வந்து போவது எதுக்களிப்பு. வெறும் உப்புசமும் மேல்வயிற்று வலியும் வேறு கதை. அவற்றுக்குக் காரணமும் வேறு, மருந்தும் பல நேரம் வேறு.

'அசிடிட்டி' என்றதும் வயிற்றில் அமிலம் அளவுக்கு மீறிச் சுரந்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மை இல்லை. அவர்களுடைய இரைப்பையில் சுரப்பதும் மற்றவர்களுக்குச் சுரக்கிற அளவுதான். அந்த அமிலம் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலே ஏறுவதுதான் சிக்கல்.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வில்லியம் பிரவுட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1824-லேயே இதைக் கண்டு சொன்னார். வெறும் வயிற்றில் அதன் பிஎச் அளவு சுமார் 1.5 முதல் 3.5 வரை இருக்கும். பிஎச் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்; சுத்தமான தண்ணீரின் பிஎச் 7. புரதத்தைச் செரிக்கவும் உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லவும் இந்த வீரியம் நமக்குத் தேவை. இரைப்பையின் உட்சுவரில் கெட்டியான கோழைப் படலம் இருப்பதால் அது தாங்கிக்கொள்கிறது. உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட கவசம் கிடையாது. அதே திரவம் நாலு விரற்கடை மேலே ஏறினாலே போதும், எரியத்தான் செய்யும்.

கதவு எப்போது திறக்கிறது

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் 3–4 செ.மீ. அளவுக்கு ஒரு வளையத்தசை இறுகி நிற்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் அதே இடத்தைச் சுற்றி வெளியிலிருந்து பிடித்துக்கொள்கிறது. ஆக, ஒரு கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். நாம் விழுங்கும்போது வளையத்தசை தளர்ந்து வழிவிடும்.

விழுங்காதபோதும் அது சில நேரம் தானாகத் தளரும். இரைப்பையில் சேர்ந்த காற்றை ஏப்பமாக வெளியேற்ற உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. பத்து விநாடிக்கு மேலும் தாழ் திறந்தே இருக்கும். எல்லாருக்கும் நடக்கிற விஷயம்தான். ஆனால் அந்த நேரத்தில் காற்றோடு அமிலமும் சேர்ந்து ஏறினால் எதுக்களிப்பு ஆகிறது. அப்படி ஆவதற்கு வாய்ப்பைக் கூட்டுபவை இவை:

1. வயிறு முட்டச் சாப்பிடுவது. இரைப்பையின் மேற்பகுதி விரிந்தால்தான் அந்தத் தளர்வு தூண்டப்படுகிறது. அதோடு, சாப்பிட்ட பிறகு உணவின் மேல் ஒரு புது அமிலத் தேக்கம், கதவுக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் எரிச்சல் வருவது இதனால்தான்.
2. ஹையாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேல்நுனி உதரவிதானத்தின் துளை வழியாக நெஞ்சுப் பக்கம் நழுவி ஏறுவது. இரண்டு தாழ்ப்பாளும் ஒரே இடத்தில் இல்லாமல் போகின்றன.
3. கீழிருந்து வரும் அழுத்தம்: வயிற்றுக் கொழுப்பு, கர்ப்பம், இறுக்கமான இடுப்புப் பட்டை, குனிந்து எடை தூக்குவது. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் வளையத்தசையையும் தளர்த்துகிறது.
4. புகை, மது, கொழுப்பு மிகுந்த உணவு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் கால்சியம் தடுப்பு மாத்திரைகள், நெஞ்சுவலிக்கான நைட்ரேட், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்றவையும் அந்தத் தசையைத் தளர்த்தக்கூடியவை.

ராத்திரி எரிச்சல் ஏன் இவ்வளவு கொடுமை

அமிலம் ஏறுவது பாதிக் கதைதான். ஏறிய அமிலம் எவ்வளவு நேரம் அங்கேயே தங்குகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பகலில் நாம் நிமிர்ந்து இருக்கிறோம், ஏறியதைப் புவியீர்ப்பு கீழே இழுத்துவிடுகிறது. ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் உணவுக்குழாய் ஓர் அலைபோலச் சுருங்கி மிச்சத்தைத் தள்ளுகிறது. எச்சிலில் உள்ள பைகார்பனேட் கடைசிச் சொட்டையும் முறித்துவிடுகிறது.

படுத்துத் தூங்கும்போது இந்த மூன்றும் ஒன்றாகக் கைவிடுகின்றன. உடல் கிடைமட்டமாக இருக்கிறது, எச்சில் அநேகமாகச் சுரப்பதில்லை, விழுங்குவதும் அபூர்வம். ஆகவே நள்ளிரவில் ஏறிய கொஞ்சம் அமிலம், பகலில் ஏறிய நிறைய அமிலத்தைவிட அதிக நேரம் தங்கிப் புண்ணாக்குகிறது. தொண்டை கமறி, இருமி, வாயெல்லாம் புளித்து எழுந்து உட்காருகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். அடுத்த நாள் முழுக்க அந்தக் களைப்பும் கூடவே வரும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

நெஞ்சில் எரிவதெல்லாம் நெஞ்செரிச்சல் ஆகிவிடாது. மாரடைப்பும் எரிச்சல்போலவே தொடங்கலாம். பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அது தெளிவான வலியாக வராமல் போவதுண்டு. நெஞ்சை அழுத்திப் பிடிப்பதுபோல இருந்தாலோ, கை, தாடை, முதுகுக்குப் பரவினாலோ, வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினாலோ, நடக்கும்போது கூடி உட்கார்ந்தால் குறைந்தாலோ, அமில மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். போய் இசிஜி எடுத்து 'ஒன்றுமில்லை' என்று கேட்டுத் திரும்புவதில் எந்த வெட்கமும் இல்லை.

ரத்த வாந்தி எடுத்தாலும், மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலும் அதே அவசரம்தான். உணவு நெஞ்சில் சிக்கிக்கொள்வது, விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வாந்தி, ரத்தசோகை ஆகியவை இருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

எரிந்துகொண்டிருக்கும் இந்த நிமிடத்தில்

1. படுத்திருந்தால் எழுந்துவிடுங்கள். நிமிர்ந்து உட்காரலாம், மெதுவாக நடக்கலாம். குனிய வேண்டாம். இடுப்பில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள்.
2. இரண்டு மூன்று வாய் தண்ணீர் போதும், அது ஒட்டியிருப்பதைக் கழுவி இறக்கிவிடும். மடமடவென்று ஒரு சொம்பு குடித்தால் வயிறு விரிந்து திரும்பவும் கதவு திறக்கும்.
3. அமிலமுறி மருந்து, அதாவது ஆன்டாசிட், சில நிமிடங்களில் வேலை செய்யும். கால்சியம் கார்பனேட், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்றவை இருப்பது இதில்தான். இருக்கிற அமிலத்தை முறிக்கும், புதிதாகச் சுரப்பதைத் தடுக்காது. அதனால் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.
4. ஆல்ஜினேட் கலந்த மருந்து இன்னொரு வழி. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் இது, இரைப்பை அமிலம் பட்டதும் கூழாக உறைந்து, உணவின் மேல் தெப்பம்போல மிதக்கும். சாப்பிட்ட பிறகு கதவடியில் தேங்கும் அமிலத்துக்கு மூடி போடுகிறது. எதுக்களிப்புக்காரர்களுக்கு நல்ல துணை, ஆனால் ஏனோ பலருக்குத் தெரிவதில்லை.

பால் குடித்தால் அப்போதைக்கு இதமாக இருக்கும். ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டும். சமையல் சோடாவைக் கரைத்துக் குடிப்பதில் சோடியம் நிறைய உள்ளே போகிறது. ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் எரியும் புண்ணில் மேலும் அமிலம் ஊற்றுவதுதான்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆன்டாசிட்டையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாடிக்குகள் ஆகியவை உடலில் சேராமல் ஆன்டாசிட் தடுத்துவிடும் என்பதால் இடையே சில மணி நேர இடைவெளி வேண்டும்.

சுரப்பைக் குறைக்கும் மருந்துகள்: நேரம்தான் பாதி வைத்தியம்

ஃபமோட்டிடின் போன்ற எச்2 தடுப்பு மருந்துகள், அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் சமிக்ஞையை மறிக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் பலன் தெரியும், பத்து மணி நேரம் வரை நீடிக்கும். ராத்திரித் தொல்லைக்கு இது பொருத்தம்தான், ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரங்களில் உடல் பழகிப்போய் பலன் மங்கும். இதே குடும்பத்து ரானிட்டிடினில் என்டிஎம்ஏ என்ற தீங்கான வேதிப்பொருள் உருவாவது தெரிந்ததால், 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சந்தையிலிருந்து முழுவதுமாக எடுக்கச் சொன்னது.

அடுத்தது பிபிஐ எனப்படும் புரோட்டான் பம்ப் தடுப்பு மருந்துகள்: ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், எசோமிப்ரசோல். கடுமையான நெஞ்செரிச்சலுக்கும் உணவுக்குழாய்ப் புண்ணுக்கும் முதன்மை மருந்து இதுதான். மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்ற புகார் அதிகம் எழுவதும் இதைப் பற்றித்தான். காரணம் பல நேரம் மாத்திரையில் இல்லை, அதைப் போடும் நேரத்தில் இருக்கிறது.

கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இரைப்பைச் சுவரின் அமிலச் செல்களுக்குள் எண்ணற்ற நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. வெறும் வயிற்றில் அவற்றில் பெரும்பாலானவை செல்லுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். சாப்பாடு வந்ததும்தான் விழித்து, சுவரோரத்துக்கு வந்து அமிலத்தை இறைக்கும். பிபிஐ மருந்து, இறைத்துக்கொண்டிருக்கும் பம்பில் மட்டுமே போய் ஒட்டி அதை நிரந்தரமாக முடக்கும். தூங்கும் பம்பை அது தொடாது. அந்த மருந்தோ ரத்தத்தில் தங்குவது சில மணி நேரம்தான். ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை அளவு பாதியாகக் குறைந்துவிடும்.

கணக்கு இப்போது புரியும். சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் போட்டால், பம்புகள் விழிக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக நிற்கும். படுக்கப் போகும்போது போட்டால், பம்புகள் தூங்குகிற நேரத்தில் மருந்து வந்து, ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும். எரியும்போது ஒன்று போடுவதும் அப்படித்தான்: அந்த எரிச்சலுக்கு அது உதவாது. உடல் தினமும் புதுப் பம்புகளைச் செய்துகொண்டே இருப்பதால், முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். முதல் நாளே கேட்கவில்லை என்று வேறு மாத்திரைக்கு மாறுவது அவசரம். மாத்திரையின் மேல்பூச்சு மருந்தை அமிலத்திடமிருந்து காப்பது, ஆகவே நசுக்கவோ கடிக்கவோ கூடாது.

2014-இல் ஜப்பானில் முதலில் அனுமதி பெற்ற வோனோப்ரசான் போன்ற புதிய வகை மருந்துகள், பம்பு விழிக்கக் காத்திருப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தோடு அவற்றைப் பொருத்த வேண்டிய அவசியமும் இல்லை.

நிறுத்தியதும் முன்னைவிட மோசமாவது ஏன்

பல வாரம் அமிலத்தை அடக்கி வைத்தால், உடல் அதை ஒரு குறையாக எண்ணி, காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டி, சுரப்பதற்கான ஏற்பாட்டைப் பெருக்கிவைக்கிறது. மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அந்தப் பெருகிய ஏற்பாடு முழுதும் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கும். 2009-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எந்த எரிச்சலும் இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரம் எசோமிப்ரசோல் தந்து நிறுத்தினார்கள். மறு பாதிக்கு வெற்று மாத்திரை மட்டும். நிறுத்திய பிறகான நான்கு வாரங்களில், மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான்.

அதாவது, நிறுத்தியதும் எரிவது நோய் திரும்பிவிட்டது என்பதற்குச் சான்று ஆகாது. அது சில வாரங்களில் தணியக்கூடிய எதிர்வினையாகவும் இருக்கலாம். அந்த நாள்களை ஆன்டாசிட், ஆல்ஜினேட் துணையோடு கடக்கலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்கும் வழியையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் ஒன்று: உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள், 'பேரட்ஸ்' எனப்படும் உட்சுவர் மாற்றம் உள்ளவர்கள், ரத்தக்கசிவைத் தடுக்க இதை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. நீண்ட காலம் எடுக்கிறவர்களுக்கு மெக்னீசியம், வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அவ்வப்போது சோதித்துக்கொள்வது நல்லது.

பழக்கத்தில் எது உண்மையிலேயே பலன் தரும்

தவிர்க்க வேண்டிய உணவு என்று நீளமான பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. காபி, சாக்லேட், புதினா, தக்காளி, காரம், புளிப்பு ஆகியவற்றில் ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் விட்டு, சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் நிலைக்கு வருவதைவிட, இரண்டு வாரம் குறித்துப் பார்த்து உங்களுக்கு ஒத்துவராததை மட்டும் விடுங்கள். கீழே உள்ளவற்றின் பலன் அதைவிடப் பெரிது:

1. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம். அளவும் கொஞ்சம் குறையட்டும்.
2. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15–20 செ.மீ. உயர்த்துவது, அல்லது முதுகு முழுவதையும் தாங்கும் சரிவான மெத்தை. தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடிந்து, வயிற்றில் அழுத்தம் கூடிவிடும்.
3. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது. அப்போது இரைப்பையின் பை கதவுக்குக் கீழே அமைகிறது. வலதுபக்கம் படுத்தால் கதவே அமிலத்தில் மூழ்கும். நெதர்லாந்தில் நோயாளிகளின் தூக்கத்தை அளந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறிய அமிலம் இறங்க இடதுபக்கம் படுத்தவர்களுக்கு ஏறத்தாழ 35 விநாடியும், மல்லாந்து படுத்தவர்களுக்கு 76-உம், வலதுபக்கம் படுத்தவர்களுக்கு 90-உம் ஆனது.
4. எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது, புகையை விடுவது. இவை நாளாகும், ஆனால் கதவுக்கே செய்யும் வைத்தியம் இவைதான்.

மருந்தை ஒழுங்காகப் போட்டும் எரிந்தால்

எண்டோஸ்கோப்பியில் புண் தெரியாமல் இருப்பது எதுக்களிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பதுதான். 'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்குப் புண் இல்லை, புற்று இல்லை என்றுதான் பொருள். உங்கள் எரிச்சல் கற்பனை என்று பொருள் இல்லை. அடுத்த படி, உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாயோ சிறு கருவியோ வைத்து, ஒரு நாள் அல்லது அதற்கு மேலும் அமில ஏற்றத்தை அளக்கும் பிஎச் சோதனை. பிஎச் 4-க்குக் கீழே இருந்த நேரம் 4 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு, 6 சதவீதத்தைத் தாண்டினால் அமில எதுக்களிப்பு உறுதி. நடுவில் நின்றால் மற்ற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள்.

அளவு இயல்பாக இருந்தும் எரிகிறது என்றால், பல நேரம் உணவுக்குழாய் நரம்புகளே கூர்மையாகிவிட்டதுதான் காரணம். சாதாரணமாக ஏறும் கொஞ்சம் அமிலமோ, வெறும் காற்றோகூட நெருப்பாகத் தெரியும். அமில மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது இவர்களுக்கு உதவாது. வலியுணர்வைத் தணிக்கும் மருந்துகளைக் குறைந்த அளவில் தருவதும், வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சியும், மன அழுத்தத்துக்கான சிகிச்சையும் பலன் தருகின்றன. மாறாக, அமில ஏற்றம் உறுதியாகி, மருந்தால் கட்டுப்படாமலோ ஹெர்னியா பெரிதாகவோ இருந்தால், இரைப்பையின் மேற்பகுதியைக் குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. ருடால்ஃப் நிசென் 1950-களில் தொடங்கியது, இப்போது சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, எப்போது எரிகிறது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, எந்தப் பக்கம் படுத்திருக்கையில், மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்புறம், மற்ற நோய்களுக்கு எடுக்கும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். மூட்டுவலி மாத்திரை, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் போன்றவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் நேரடியாகவே புண்ணாக்கும். டாக்சிசைக்ளினையும் அலெண்ட்ரோனேட்டையும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.